கட்டைக்குள் அடங்காத கையெழுத்து

ஜெர்மனியின் எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் சாஃப், அழகாக எழுதும் கலையை எவரிடமும் பாடம் கேட்டுக் கற்றவரில்லை. 1935இல் நியூரம்பெர்க்கில் நடந்த, எழுத்துக் கலைஞர் ருடால்ஃப் கோக்கின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, புத்தகங்கள் வாங்கித் தானே பழகிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் அவருக்கு வரைபடம் வரையும் வேலை. 1944இல் தன் குறிப்பேட்டின் பக்கமொன்றில் ஒரு சாய்வெழுத்தை எழுதினார். ஓரெழுத்தின் கொம்பு மேல் வரியைத் தொடும். இன்னொன்றின் வால் பக்கத்து எழுத்துக்கு அடியில் நுழைந்து ஓடும்.

அன்றைய அச்சுக்கு இது ஒத்துவரவில்லை. பந்தியில் ஆளுக்கோர் இலை போல, ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனிக் கட்டை. கட்டையை மீறி நீட்டிக்கொண்டிருக்கும் வால் எளிதில் ஒடிந்துவிடும். 1940களின் இறுதியில் அச்செழுத்து வார்க்கும் ஸ்டெம்பெல் நிறுவனத்துக்காக ‘விர்ச்சுவோசா’ என்ற எழுத்தை சாஃப் வரைந்தபோது, வளைவுகளைக் கட்டைக்குள் ஒடுக்கவேண்டியதாயிற்று. கையால் எழுதினால் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறும். அச்சிலோ வார்த்தது வார்த்ததுதான்.

குறிப்பேட்டுப் பக்கம் அரை நூற்றாண்டு காத்திருந்தது. கணினியில் கட்டை ஏது? எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகப் படரலாம். 1998இல் லைனோடைப் நிறுவனம் அதை ‘சாஃபினோ’ என்ற எழுத்துருவாக வெளியிட்டது. பின்னர் ஆப்பிள் அதை மேக் கணினிகளில் சேர்த்தது. அந்தப் பதிப்பில் 1,400க்கு மேற்பட்ட வடிவங்கள். அருகில் வரும் எழுத்தைப் பார்த்து மென்பொருளே பொருத்தமான வடிவத்தை மாற்றிப் போடும். ‘சாஃபினோ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தச் சொல் முழுவதும் ஒரே கூட்டெழுத்தாகிவிடும்.

ஈய அச்சுக் காலத்தில் இப்படி வளைந்தோடும் எழுத்தில் ஓர் அழைப்பிதழ் வேண்டுமென்றால், கையால் எழுதுபவரையோ செப்புத் தகட்டில் செதுக்குபவரையோ நாடவேண்டும். செலவு அதிகம் என்பதால் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டுமே அந்த அலங்காரம். இன்று யாரும் ஒரு பக்கம் முழுக்கத் தட்டிவிடலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சாஃபினோவின் நடு உடல் மிகச் சிறியது. கொம்பும் வாலும்தான் நீளம். சிறிய அளவில் அச்சிட்டால் படிக்க முடியாது. வரிகளுக்கிடையே நிறைய இடம் விடாவிட்டால் வால்கள் சிக்கிக்கொள்ளும். எல்லாமே ஆங்கிலத் தலைப்பெழுத்துகளாக (கேப்பிட்டல்) இருந்தால் சொல்லே தெரியாது.

மணமக்கள் பெயர், சான்றிதழின் தலைப்பு, மதுப்புட்டியின் லேபிள் என இரண்டு மூன்று சொற்கள் பெரிதாக நிற்கும் இடங்களில் அது சோபிக்கிறது. முகவரியையும் முகூர்த்த நேரத்தையும் எளிய எழுத்துக்கு விட்டுவிடவேண்டும். அன்று ஈயமும் செலவும் விதித்த கட்டுப்பாட்டை இன்று வடிவமைப்பாளர் தனக்குத்தானே விதித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. வரிக்கு ஒரு வால் நீண்டால் அழகு. எல்லா வால்களும் நீண்டால் எதுவும் கண்ணில் நிற்காது.