மருந்துக்குப் பிறகு ஒரு வாடகை வீடு

ஊத்தங்கரையில் நான்கு பக்கமும் சாலை பிரிகிறது: கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம், திருப்பத்தூர். பக்கத்துச் சாமல்பட்டி வழியாக ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதை போகிறது. இப்படி வழிகள் கூடும் ஊர்களில், எங்கிருந்தோ வந்து இறங்கித் திரும்பிப் போகத் தெரியாமல் தங்கிவிடுகிறவர்கள் இருப்பார்கள். சடைபிடித்த தலை, தோளில் ஒரு மூட்டை. டீக்கடைக்காரர் காலையில் ஒரு டீயும் பன்னும் கொடுப்பார். மழைக்காலத்தில் யாராவது பழைய போர்வை போட்டுவிட்டுப் போவார்கள். பெயர் கேட்டால் தெலுங்கிலோ கன்னடத்திலோ இந்தியிலோ பதில் வரும்; வராமலும் போகும். ஊர் அவரைத் துரத்துவதில்லை. சேர்த்துக்கொள்வதுமில்லை.

யாராவது ஒருவர் மனம் இரங்கி போலீசுக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-ஆவது பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் போலீசின் வேலைதான்.

மருத்துவமனைப் பகுதியிலும் முன்னேற்றம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. சாலையில் திரிவோரை மீட்டுச் சிகிச்சை தரும் அவசர சிகிச்சை, மீட்பு மையங்களைப் புதுக்கோட்டை, தேனி, திருப்பூர் போன்ற மாவட்டங்களில் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. மாத்திரை தினமும் போட முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உண்டு. பலருக்குச் சில வாரங்களில் தூக்கம் திரும்பும், பேச்சு தெளியும், பெயரும் ஊரும் நினைவுக்கு வரும்.

சரி, அதற்குப் பிறகு எங்கே போவார்?

பலர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். மும்பையை அடுத்த கர்ஜத்தில் ‘ஷ்ரத்தா’ மறுவாழ்வு மையத்தை நடத்தும் மனநல மருத்துவர் பாரத் வாட்வானி, இப்படிப் பல்லாயிரம் பேரைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்ததற்காக 2018-இல் மகசேசே விருது பெற்றார். பெரிய காரியம்தான். ஆனால் ‘பல ஆண்டுக்குப் பின் குடும்பத்துடன் இணைந்தார்’ என்று படத்தோடு செய்தி போட்டுவிட்டுப் பத்திரிகைகளாகிய நாங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். படத்தில் வராதவர்கள் இருக்கிறார்கள். கணவன் மறுமணம் செய்துகொண்ட பெண், நிலத்தை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதால் இடமிழந்த தம்பி, அடி தாங்காமல்தான் வீட்டைவிட்டே ஓடிவந்தவர். இவர்களில் சிலர் “அங்கே போக மாட்டேன்” என்று தெளிவான புத்தியோடு சொல்கிறார்கள். நாடு முழுவதும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அங்கே தங்கியிருந்தவர்களில் 36 சதவீதம் பேர் ஓராண்டுக்கு மேல் இருந்தவர்கள். நோய்க்காக உள்ளே வந்து, போக்கிடம் இல்லாமல் உள்ளேயே நின்றுவிட்டவர்கள் இவர்களில் எத்தனையோ பேர்.

போக்கிடம் இல்லாதவர்களை ஒதுக்குப்புறத்தில் அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று அதிகாலையில் தீப்பற்றியது. காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் சங்கிலிக்குத் தடை வந்தது, காப்பகங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. சங்கிலியை அவிழ்த்த பிறகு அவர்கள் எங்கே வாழ்வது என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆயின. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊருக்குள் தங்க ஏற்பாடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஏற்பாடு செய்ய வேண்டியது அரசு.

அந்த ஏற்பாடு எப்படி இருக்கலாம் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் தொடங்கிய ‘தி பானியன்’, தெருவில் கிடந்த பெண்களைச் சேர்த்துச் சிகிச்சை தர ‘அடைக்கலம்’ என்ற இல்லத்தை நடத்தியது. குணமானவர்கள் வீடு திரும்பத் திரும்ப, போக முடியாதவர்கள் அங்கேயே சேர்ந்துகொண்டே போனார்கள். நல்ல காப்பகமும் ஒரு கட்டத்தில் காப்பகம்தானே. இவர்களுக்காக 2015-இல் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம் பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டி, ஆதரவுடன் கூடிய வீடுகளுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

திட்டம் கேட்பதற்கு எளிது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நான்கைந்து பேர். யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்பதை அவர்கள் பழக்கத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். கூடவே ஓர் உதவியாளர். இவர் நர்ஸ் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண், பயிற்சி கொடுத்து அமர்த்தப்பட்டவர். சிலருக்கு இரவும் பகலும் ஆள் துணை வேண்டும். சிலருக்கு வாரத்தில் ஓரிரு முறை எட்டிப் பார்த்தால் போதும். மருத்துவர் தேவைப்படும்போது வருவார். வீட்டின் அன்றாடத்தில் அவருக்கு இடமில்லை.

காப்பகத்துக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கச் சமையல்கட்டுக்குப் போக வேண்டும். காப்பகத்தில் மணி அடித்தால் தட்டு. கத்தியும் தீப்பெட்டியும் பூட்டுக்குள். வீட்டில் இன்று புளிக்குழம்பா ரசமா என்று சண்டை வரும். உப்பு கூடிப் போகும். கடைக்குப் போய்க் கால் கிலோ தக்காளி வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வர வேண்டும். பல வருடம் உள்ளே இருந்தவருக்கு இது சின்ன வேலை அல்ல; அவர் உள்ளே போனபோது புழக்கத்தில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டே இப்போது இல்லை. எந்த சீரியல் பார்ப்பது, எத்தனை மணிக்குத் தூங்குவது, வாசல் சாவி யாரிடம் இருப்பது — மற்றவர்கள் யோசிக்காமல் செய்கிற முடிவுகள் எல்லாம் இங்கே புதிதாகக் கற்க வேண்டியவை.

இன்னொரு லாபம் காகிதத்தில் தெரியும். வீடு இருந்தால் முகவரி இருக்கிறது. முகவரி இருந்தால் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், வாக்காளர் அட்டை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்றிருப்பதால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பேருந்து நிலையத் திண்ணையைப் பெரும்பாலான அலுவலகங்கள் முகவரியாக ஏற்காது.

வீடு நோயைத் தீர்த்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ‘முதலில் குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு’ என்றிருந்த அமெரிக்க நடைமுறையை 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தலைகீழாக்கி, முதலில் வீட்டைக் கொடுத்தார். கனடா இதை ஐந்து நகரங்களில் இரண்டாயிரம் பேருக்கும் மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தது. வீடு கிடைத்தவர்களில் மிகப் பலர் வீட்டிலேயே நிலைத்தார்கள். நோய்க்குறிகளில் மட்டும், வழக்கமான உதவி பெற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. குரல் கேட்பவருக்கு வீட்டுக்குள்ளும் குரல் கேட்கலாம். ஆனால் மழையில் நனைய மாட்டார். பெண்ணாக இருந்தால் இரவில் கதவைத் தாழிட்டுக்கொள்ள முடியும். எனக்கு இதுவே போதுமான நியாயமாகப் படுகிறது.

தடை வரும் இடம் ஹவுஸ் ஓனரின் வாசல். “பைத்தியங்களைக் கொண்டுவந்து குடிவைக்கிறார்களா?” என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். போர்டு மாட்டி, கூட்டம் போட்டு, விழிப்புணர்வுப் பேச்சு பேசினால் அது இன்னும் பெரிதாகும் என்றே நினைக்கிறேன். மாத வாடகை தவறாமல் கொடுத்து, வாசலில் கோலம் போட்டு, பக்கத்து வீட்டுக்குப் பொங்கல் கொடுத்தனுப்புகிற குடித்தனம் வேறு வகையில் பேசும். பெல்ஜியத்தின் கீல் நகரத்தார் பல நூற்றாண்டுகளாக மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பழகியிருக்கிறார்கள். அவர்களும் நம்மைப்போல் கடையும் காடும் பார்க்கிறவர்கள்தான்.

ஊத்தங்கரை போன்ற ஊருக்கு இது பொருந்துமா? பெருநகரத்தைவிட நன்றாகவே பொருந்தும். தொழிற்சாலைகள் பெருகிய ஓசூரில் ஒரு வீடு பிடிப்பதே பாடு; இங்கே வாடகை தாங்கும், கடை, மருத்துவமனை, பேருந்து நிலையம் எல்லாம் நடக்கிற தூரம். நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டங்கள் பெரிய நகரங்களைக் கணக்கில் வைத்தே வகுக்கப்பட்டதால், சிறு ஊர்களில் இத்தகையவர்கள் யார் கணக்கிலும் வராமல் போகிறார்கள். மீட்டெடுத்துச் சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்பிவிட்டால் ஊருக்கு வேலை முடிந்தது.

உதவியாளர்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, ஊத்தங்கரையும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கணக்கு எழுத, வங்கிக்குப் போக, அதிகாரியிடம் தயங்காமல் பேசத் தெரிந்த பெண்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ், மாத வாடகை, இப்படி இரண்டு பெண்களுக்குச் சம்பளம், அரிசி பருப்புச் செலவு: மாவட்ட நிர்வாகம் முதலில் போட வேண்டிய கணக்கு இவ்வளவுதான். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது.