75 ஆண்டுகள் தலைகீழாகத் தொங்கிய ஓவியம்! - 'மாடர்ன் ஆர்ட்' பிறந்த கதையும் ஓர் அடையாறு கனெக்‌ஷனும்

2022 அக்டோபர் மாதம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். "ஜெர்மனில 75 வருஷமா ஒரு பெயின்ட்டிங்கைத் தலைகீழா மாட்டி வெச்சிருந்தாங்களாம்!" கீழேயே அவருடைய கமென்ட்: "நேரா மாட்டியிருந்தா மட்டும் புரிஞ்சிருக்குமாக்கும்!" சிரிப்பு எமோஜிகள் வரிசைகட்டின. நானும் ஒன்று போட்டேன்.

செய்தி உண்மைதான். பீட் மோன்ட்ரியன் என்ற டச்சு ஓவியர் 1941-ல் உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1' என்ற படைப்பு அது. பெயின்ட் கூட இல்லை. கேன்வாஸில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட வண்ண டேப்புகள், அவ்வளவுதான். அதை முடிக்காமலே 1944-ல் அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். 1980-லிருந்து டுசெல்டார்ஃப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கண்காட்சிக்காக ஆராய்ந்தபோதுதான், மோன்ட்ரியனின் ஸ்டூடியோவில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் அதே படம் வேறு மாதிரி நிற்பதைக் கவனித்தார்கள். நெருக்கமான கோடுகள் கீழே அல்ல, மேலே இருந்தன.

அந்த எமோஜியைப் போட்ட பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மரத்தை ஊதா நிறத்தில் வரைந்து, "ஊதா கலர்ல எங்கயாவது மரம் பார்த்திருக்கியா?" என்று டிராயிங் சாரிடம் திட்டு வாங்கியவள் நான். அப்போது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நான் வரையவும் இல்லை. இத்தனை வருடம் கழித்து, நானே அந்த சார் மாதிரிச் சிரித்திருக்கிறேனோ?

சரி, 'எதைப் போலவும் இல்லாத' படத்தை முதலில் வரைந்தது யார், ஏன் வரைந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். நாம் பொத்தாம்பொதுவாக 'மாடர்ன் ஆர்ட்' என்று சொல்வதில், இப்படி எந்த உருவமும் இல்லாத வகைக்கு 'அரூப ஓவியம்' என்று பெயர். தேடலில் முதலில் கிடைத்ததும் ஒரு 'திரும்பி நின்ற' படத்தின் கதைதான்!

வைக்கோல் போரைப் பார்த்து வேலையை விட்டவர்!

வாசிலி கான்டின்ஸ்கி. மாஸ்கோவில் சட்டம் படித்து, சட்டமே கற்பித்துக்கொண்டிருந்தவர். 1896-ல் அங்கு நடந்த கண்காட்சி ஒன்றில் பிரெஞ்சு ஓவியர் மோனேவின் படத்தைப் பார்க்கிறார். அது என்ன படம் என்றே அவருக்குப் பிடிபடவில்லை. கையேட்டைப் பார்த்தால் 'வைக்கோல் போர்' என்று போட்டிருந்தது. என்னவென்றே தெரியாத ஒன்று தன்னை இப்படி ஆட்டிப்படைக்கிறதே என்ற குழப்பம் அவரை விடவில்லை. 30 வயதில் சட்டத்தை உதறிவிட்டு, ஓவியம் படிக்க ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு ரயில் ஏறிவிட்டார். (நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்!)

மியூனிக்கில் ஒரு மாலை வீடு திரும்புகிறார். அரை இருட்டில், சுவரோரம் அப்படியோர் அழகான படம். உருவம் எதுவும் தெரியவில்லை, வெறும் வண்ணங்கள்தான் தெரிகின்றன. அருகில் போனால், அது அவரே வரைந்த படம். பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது! மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே அழகைப் பிடிக்க முயன்று தோற்றுப்போனார். படத்தில் இருக்கும் பொருட்கள்தான் தன் படத்தைக் கெடுக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். 1913-ல் வெளியான நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து அவர் வரைந்த படத்தில், கறுப்பு பியானோவும் கூட்டமும் மங்கலாகத் தெரியும். மீதி முழுக்க மஞ்சள், சத்தம் போடும் மஞ்சள். அவருடைய வாதம் எளிமையானது. இசை எதையும் 'போல' இருப்பதில்லை. நம் ஊர்க் கச்சேரியில் அரை மணி நேரம் ஆலாபனை கேட்கிறோம். ஒரு வார்த்தை கிடையாது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று யாரும் வித்வானின் சட்டையைப் பிடிப்பதில்லை. காதுக்குக் கொடுக்கும் அந்தச் சலுகையைக் கண்ணுக்கு மட்டும் ஏன் கொடுக்கக் கூடாது?

அடையாறு எப்படி உள்ளே வந்தது?

கான்டின்ஸ்கி, மோன்ட்ரியன் இருவரையும் படித்துக்கொண்டே போனபோது, எதிர்பார்க்காத இடத்தில் நம்ம ஊர் பெயர் வந்தது. பிரம்மஞான சபை. ஆமாம், அடையாறு ஆலமரம் இருக்கும் அதே வளாகம்தான். 1882 முதல் சபையின் உலகத் தலைமையகம் அங்குதான் இருக்கிறது.

1907-ல் அந்தச் சபையின் தலைவரானவர் அன்னி பெசன்ட். நமக்கு அவர் ஹோம் ரூல் இயக்கத் தலைவி. ஆனால், அதற்கு முன்பே அவரும் லெட்பீட்டர் என்ற சக பிரம்மஞானியும் சேர்ந்து 'எண்ண வடிவங்கள்' என்று தலைப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார்கள். கோபம், பாசம், பயம், பக்தி எல்லாவற்றுக்கும் வடிவமும் நிறமும் உண்டு என்று சொல்லி, அவற்றைப் படங்களாகவே போட்டிருந்தார்கள். வெடிக்கும் கோபத்துக்குச் சிவப்புச் சிதறல்கள். தேவாலயத்தின் மேலே இசை வண்ண மேகமாக எழும்பி நிற்கும். இதில் அறிவியல் இருக்கிறதா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், 'கண்ணுக்குத் தெரியாததை எப்படி வரைவது?' என்று தவித்துக்கொண்டிருந்த ஓவியர்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டது. அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கான்டின்ஸ்கி படித்திருந்தார். கலையில் ஆன்மிகம் பற்றி அவர் எழுதிய புத்தகத்திலும் பிரம்மஞான சபையைக் குறிப்பிடுகிறார். மோன்ட்ரியன் 1909-ல் நெதர்லாந்தில் அந்தச் சபையில் உறுப்பினராகவே சேர்ந்துவிட்டார்.

அதற்காக 'மாடர்ன் ஆர்ட் பிறந்தது மெட்ராஸில்தான்' என்று ஃபார்வர்டு கிளப்பிவிட வேண்டாம். எக்ஸ்-ரே, ரேடியோ அலை என்று கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் அடுத்தடுத்து கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது. கேமரா வந்ததால், உள்ளதை உள்ளபடி வரையும் வேலைக்கு மவுசு குறைந்திருந்தது. பல காரணங்களில் அடையாறும் ஒன்று.

பெட்டிக்குள் பூட்டிவைத்த பெண்

1911-ல் தான் வரைந்ததுதான் உலகின் முதல் அரூப ஓவியம் என்று கான்டின்ஸ்கி பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஸ்வீடனில் ஒரு பெண் 1906-லேயே இதைத் தொடங்கிவிட்டார்!

ஹில்மா ஆஃப் கிளின்ட். 1862-ல் பிறந்தவர். ஸ்டாக்ஹோமின் ராயல் அகாடமியில் முறையாக ஓவியம் படித்தவர். பிழைப்புக்கு இயற்கைக் காட்சிகள், மனித உருவங்கள், செடி கொடிகள் எனத் தத்ரூபமாக வரைந்து விற்றார். 'வரையத் தெரியாதவங்கதான் மாடர்ன் ஆர்ட் போடுறாங்க' என்பவர்கள் அவருடைய தாவரப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அவரும் பிரம்மஞானத்தில் ஈடுபாடு கொண்டவர். நான்கு தோழிகளுடன் சேர்ந்து ஆவிகளுடன் பேசும் அமர்வுகள் நடத்தினார். மேலுலகச் சக்திகள் தன்னைப் படம் வரையச் சொன்னதாக நம்பினார். நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால், அந்த நம்பிக்கை அவருக்குக் கொடுத்த தைரியத்தைப் பாருங்கள். 1907-ல் சுமார் 40 நாள்களில் பத்து பிரமாண்டமான படங்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்கு மேல் உயரம். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை மனித வாழ்க்கை. அதில் மனிதர்களே இல்லை. சுருள்கள், இதழ்கள், வட்டங்கள், ஆரஞ்சு, நீலம், வெளிர் ஊதா. காகிதத்தைத் தரையில் விரித்து, அதன் மேலேயே ஏறி நின்று வரைந்திருக்கிறார்.

1915-க்குள் இந்த வரிசையில் 193 படைப்புகள். ஆனால், உலகம் இதற்குத் தயாராக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தான் இறந்து 20 ஆண்டுகள் ஆகும்வரை இவற்றைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் அண்ணன் மகன் எரிக்கிடம் விட்டுச்சென்றார். 1944-ல் இறந்தார். மோன்ட்ரியன், கான்டின்ஸ்கி இருவரும் இறந்த அதே ஆண்டு!

20 ஆண்டுகள் அல்ல, 42 ஆண்டுகள் ஆயின. 1986-ல்தான் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் பெரிய அளவில் உலகின் பார்வைக்கு வந்தன. அப்போதும் பலர் கண்டுகொள்ளவில்லை. 2012-ல் நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 'அரூபக் கலையைக் கண்டுபிடித்தவர்கள்' பற்றியே நடத்திய கண்காட்சியில் ஹில்மா இல்லை. ஆனால், 2018-ல் அதே நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது. ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதுவரை அந்த அருங்காட்சியக வரலாற்றில் எந்தக் கண்காட்சிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

'ஹில்மா வரைந்தது ஆன்மிக விளக்கப் படம், அதை அரூப ஓவியக் கணக்கில் சேர்க்கலாமா?' என்று விமர்சகர்கள் சிலர் இன்னும் கேட்கிறார்கள். கான்டின்ஸ்கியும் மோன்ட்ரியனும் அதே தண்ணீரைக் குடித்தவர்கள்தானே? அவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

'இதை என் பொண்ணே வரைவா!'

இந்த டயலாக் உலகப் பொதுவானது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர்கள் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் இருவரும் 2011-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பக்கம் புகழ்பெற்ற அரூப ஓவியரின் படம். மறுபக்கம் குழந்தையோ, குரங்கோ, யானையோ தீட்டிய, பார்க்க அதேபோல இருக்கும் படம். எது சிறந்தது என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சிலவற்றில் பெயர்களை வேண்டுமென்றே மாற்றியும் ஒட்டினார்கள். அப்படியும் பத்துக்கு ஆறு, ஏழு முறை ஓவியரின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஓவியமே படிக்காத மாணவர்களும்தான்! ஏன் என்று கேட்டால், 'இதில் ஏதோ திட்டமிட்டுச் செய்த மாதிரி இருக்கு' என்கிற தொனியில் காரணம் சொன்னார்கள்.

பத்துக்கு மூன்று, நான்கு முறை குரங்கும் ஜெயித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா இதைப் பிடித்துக்கொள்வார்.

யோசித்தால், உருவமில்லாத அழகு நமக்கு ஒன்றும் புதிது இல்லை. துணிக்கடையில் கட்டம் போட்ட லுங்கியை விரித்துப் பார்த்து, "இந்தக் கட்டம் வேணாம், அந்தக் கட்டம் எடுங்க" என்று சொல்லும் அதே மாமாதான் மோன்ட்ரியனைப் பார்த்துச் சிரிக்கிறார். வாசலில் புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலத்துக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டினால் மட்டும் நமக்குப் பரீட்சை பயம் வந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அழைத்துக்கொண்டு ஈ.சி.ஆர் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் கலை கிராமத்துக்குப் போனேன். ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில், மெட்ராஸ் ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 1966-ல் உருவாக்கிய இடம். படம் விற்காத காலத்தில் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்று நிலம் வாங்கி, வீடு கட்டி, ஓவியத்தையும் விடாமல் காப்பாற்றினார்கள். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் புகழ்பெற்றவை. வரி வரியாக எழுத்துகள் இருக்கும், எந்த மொழியிலும் படிக்க முடியாது. நடுவில் கட்டங்கள், எண்கள், ஏதேதோ குறிகள்.

அம்மா அப்படியொரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். நான் அடுத்த அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் நகரவில்லை.

"என்னம்மா, புரியுதா?"

"எங்க தாத்தா ஜாதகம் எழுதுவாரு. அந்த ஓலையெல்லாம் இப்படித்தான் இருக்கும். சின்ன வயசுல எனக்கு அதுவும் படிக்கத் தெரியாது. ஆனா பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருப்பேன்" என்றார். அந்தத் தாத்தாவைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

டுசெல்டார்ஃப் படத்தின் கதையை பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். "அப்புறம் நேரா மாட்டிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை. டேப்புகள் நைந்துபோய் ஒரு நூலில் தொங்குகிற நிலையில் இருக்கின்றன. இப்போது திருப்பினால் புவியீர்ப்பு விசையில் பிய்ந்து விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.