மனைக்கு ஒரு வீடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மினஸோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த மினியாபொலிஸ் நகரசபையார், 2018-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி ஒரு நகரத் திட்டத்தை நிறைவேற்றினர். ஆதரித்தவர் 12 பேர், எதிர்த்தவர் ஒருவர். அதுவரையில் அந்நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய 100-க்கு 70 பங்கில், மனை ஒன்றுக்கு ஒரு குடும்பத்துக்கான வீடு மட்டுமே கட்டலாம். நிலத்துக்குடையவனே விரும்பினாலும் இரண்டாவது குடித்தனத்துக்கு இடம் செய்ய இயலாது. புதிய திட்டம் மூன்று குடித்தனங்கள் வரை அனுமதித்தது.

பழைய விதி பார்வைக்குச் சாதுவானது. வீட்டின் எண்ணிக்கையைச் சொல்லுகிறதேயன்றி மனிதரின் நிறத்தைச் சொல்லவில்லை. ஆயினும் சட்டம் பயின்றோர் அதன் பூர்வோத்தரத்தை விசாரியாமல் விடலாகாது. லூயிவில் நகரத்தார் வெள்ளையருக்கு ஒரு வீதி, கறுப்பருக்கு ஒரு வீதி என்று வெளிப்படையாகவே இயற்றிய சட்டத்தை 1917-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. அதனாலென்ன? இன்ன இனத்தாருக்கு இவ்வீட்டை விற்கலாகாதென்று கிரயப் பத்திரத்திலேயே ஷரத்து எழுதும் வழக்கம் இருந்தது. மினியாபொலிஸில் அது 1910 முதலே காணப்படுகிறது. 1926-ல் யூக்ளிட் கிராமத்து வழக்கில், நிலங்களை இவ்விதம் பாகுபடுத்துவது செல்லுமென்று அதே கோர்ட்டு தீர்த்தது. அத்தீர்ப்பில், தனி வீடுகளின் நடுவே எழும் பல குடித்தனக் கட்டடம் ஒட்டுண்ணிக்கு ஒப்பிடப்பட்டது. கட்டடம் ஒட்டுண்ணியானால், அதில் வாடகை கொடுத்து வசிக்கும் தொழிலாளி யார்? பத்திர ஷரத்துகளைக் கோர்ட்டுகள் அமுல் நடத்தலாகாதென்று 1948-ல் தீர்ப்பாயிற்று. ஆனால் மனைக்கு ஒரு வீடென்ற விதி நின்றது. அதனால் ஏறிய விலையே வேலியாயிற்று.

மினஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர் 2016 முதல் அப்பழைய பத்திரங்களைத் தேடியெடுத்து நகரப் படத்தில் குறித்தனர். மேலும் அயலாரை வேண்டும் அயலார் என்று பொருள்படும் பெயர் பூண்ட ஒரு சங்கத்தார் திட்டத்துக்காகக் கிளர்ச்சி செய்தனர். நகரசபைக் கூட்டங்களில் வழக்கமாகப் பேசுவோர் வீடுடையவர்களே. இடமில்லாமையால் குடிவர முடியாதவனுக்கு அங்கே வோட்டு ஏது?

எங்கள் பேட்டையை இடிக்காதீர் என்று வாசலில் பலகை நாட்டியவர்களை நாம் ஏளனம் செய்யோம். வெளிச்சமும் மரமும் போய்விடுமென்று அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்துக்கிணங்கி, நகலில் நான்கென்றிருந்த குடித்தனங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்டன. உண்மையில் மூன்று குடித்தன வீடுகள் சொற்பமே எழுந்தன. பஸ், ரயில் தடங்களை அடுத்த பெரிய கட்டடங்களும், மோட்டார் நிறுத்தும் இடம் கட்டியே தீரவேண்டுமென்ற நிர்ப்பந்தம் 2021-ல் ஒழிந்ததுமே அதிகம் உதவின. 2017 முதல் 2022 வரை நகரில் வீடுகள் 100-க்கு 12 வீதம் பெருகின. வாடகை 1 வீதமே உயர்ந்தது. ராஜ்யத்தின் இதர பாகங்களில் வீடுகள் 4 வீதம் பெருக, வாடகை 14 வீதம் உயர்ந்தது. இவற்றுள் சில வருஷங்கள் திட்டத்துக்கு முந்தியவை என்பது வாஸ்தவம். சில விதிகளை முன்னரே தளர்த்தியிருந்தனர்.

பின்னர் எதிர்க்கக்ஷியார் சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வழக்காடினர். கோர்ட்டும் திட்டத்தை நிறுத்தி வைத்தது. ஊருக்குள் இடமின்றி வெகுதூரத்தில் குடியேறி, தினந்தோறும் மோட்டாரில் வந்து போகிறவன் விடும் புகை அவர்கள் கணக்கில் ஏறவில்லை போலும். 2024-ல் ராஜ்ய சட்டசபை சட்டத்தைத் திருத்திய பிறகே அம்முட்டுக்கட்டை விலகிற்று.