கோடையிலும் கம்பளி போர்த்த குதிரை

குளிர்காலத்துக்காக அடர்ந்து வளர்ந்த மயிரைக் குதிரை இளவேனிலில் உதிர்த்துவிடும். குளிர்நாடுகளில் இதை நன்றாகக் காணலாம். ஆனால் இருபது வயதைக் கடந்த சில கிழக்குதிரைகளைப் பாருங்கள்! வெயில் கொளுத்தும்போதும் நீண்டு சுருண்ட மயிரோடு வியர்த்து வழிந்து நிற்கும். முதுகுத் தசை வற்றியிருக்கும். தண்ணீரோ வாளி வாளியாகக் குடிக்கும். "வயதாகிவிட்டது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கோளாறு எங்கே தெரியுமா? மூளையின் அடிப்புறத்தில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில்.

இச்சுரப்பிக்கு முன், இடை, பின் எனக் கதுப்புகள் உண்டு. (மனிதரிடம் இடைக்கதுப்பு பெயரளவுக்குத்தான், குதிரையிடம் நன்கு வளர்ந்தது.) இடைக்கதுப்பின் செல்கள் ஒரு பெரிய புரதத்தைத் துண்டாக்கிப் பல ஹார்மோன்களை உண்டாக்குகின்றன. ஏ.சி.டி.எச். அவற்றுள் ஒன்று. அளவுக்கு மீறிச் சுரக்காதபடி இச்செல்களை அடக்கி வைப்பது டோபமைன் என்னும் பொருள். மேலேயுள்ள ஹைபோதலாமஸிலிருந்து வரும் நரம்புகள் அதை வெளியிடுகின்றன.

வயது ஏற ஏற இந்நரம்புகள் சிதைகின்றன. முதுமையில் சுரப்பு குறையும் என்றுதானே நினைப்பீர்கள்? இங்கே நேர்மாறு! தடை நீங்கியதும் செல்கள் பெருகுகின்றன. கதுப்பு வீங்கிப் பக்கத்துக் கதுப்புகளை நெருக்குகிறது. ஹார்மோன்கள் இரத்தத்தில் மிகுகின்றன. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்நோய் உண்டு.

மயிரால் உயிர் போகாது. ஆபத்து குளம்பில் இருக்கிறது. இந்நோயுடன் இன்சுலினும் மிகுந்துவிட்டால், குளம்பின் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் திசு நைந்துபோகும். அரை டன் எடையை அந்தக் கால்கள்தாமே தாங்க வேண்டும்? வலி தாளாமல் நிற்க முடியாத குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்வதும் உண்டு.

இரத்தத்தில் ஏ.சி.டி.எச். அளவைப் பார்த்து நோயை அறியலாம். இதிலும் ஒரு சிக்கல்: இலையுதிர்காலத்தில் நலமுள்ள குதிரைக்கும் அது உயரும். எனவே மருத்துவர் எண்ணோடு நாட்காட்டியையும் பார்த்தாக வேண்டும்.

பழுது சுரப்பியில் தொடங்குவதில்லை, அதை ஆளும் நரம்பில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? எலிகளிடமும் இதைப் போன்ற ஒன்றைக் கண்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் மைட்டஸ் குழுவினர், இனப்பெருக்கச் சுழற்சி நின்றுபோன கிழப் பெண் எலிகளுக்கு எல்-டோபா கொடுத்தனர். உடலில் டோபமைனாக மாறும் பொருள் அது. சுழற்சி மீண்டும் தொடங்கியது! 1973இல் இதை வெளியிட்டனர். கிழட்டுச் சுரப்பிக்கு வேலை மறக்கவில்லை. ஆணைதான் சரியாக வரவில்லை.

குதிரைக்குத் தரும் மருந்து பெர்கோலைடு. டோபமைனைப் போலவே செயற்படும் இதை முன்பு மனிதரின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்தார்கள். இதய வால்வுகளுக்குக் கேடு தெரிந்ததால் 2007இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். 2011இல் அங்கேயே குதிரை மருந்தாக அனுமதி பெற்றது. சிதைந்த நரம்புகளை இம்மாத்திரை மீட்காது. ஆகவே ஆயுள் முழுதும் நாள்தோறும் தர வேண்டும். கோடை வந்தால் மயிரையும் கத்தரித்துவிடுவார்கள்.