சிறப்புப் பேருந்துகள் விட்டும் ஏன் காத்துக் கிடக்கிறோம்?

தைப்பூசம் நெருங்கினால் வடலூருக்கு இத்தனை சிறப்புப் பேருந்துகள் என்று போக்குவரத்துக் கழகத்தின் அறிவிப்பு வந்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்தால் தாராளமாகத்தான் தெரியும். வள்ளலார் சபையில் ஜோதி பார்த்துவிட்டு விருத்தாசலம் திரும்ப நிற்பவருக்குத்தான் அந்தப் பஸ்கள் எங்கே போயின என்று புரியாது. வெகுநேரம் எதுவும் வராது. பிறகு மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். முதல் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும், மூன்றாவதில் ஜன்னலோர சீட்டே காலியாக இருக்கும். பஸ் விட்டோம் என்று அதிகாரி சொல்வதும் உண்மை, பஸ் வரவில்லை என்று பயணி சொல்வதும் உண்மை.

அறிவிப்பில் இருப்பது பஸ் கணக்கு. பயணிக்கு வேண்டியது நடைக் கணக்கு. டிரைவரும் கண்டக்டரும் எப்போதும் நடையில்தான் பேசுவார்கள். ஒரு வண்டி ஒரு நாளில் எத்தனை முறை போய்த் திரும்பியது என்பதில்தான் அவர்களின் வேலையும் கலெக்‌ஷனும் இருக்கின்றன.

புரிந்துகொள்வதற்காக ஒரு கணக்குப் போடுவோம். விருத்தாசலத்திலிருந்து வடலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போய், ஆளை இறக்கி, ஏற்றி, திரும்பி வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பஸ் ஓடினால் மணிக்கு 10 நடை கிடைக்கும். நடைக்கு 60 பேர் என்றால் மணிக்கு 600 பேர் போகலாம். அதே சாலை நெரிசலில் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஆகிவிட்டால், அதே 20 பஸ்ஸில் மணிக்கு 5 நடைதான், 300 பேர்தான். ஒரு பஸ்கூடக் குறையவில்லை, ஆனால் சேவை பாதியாகிவிட்டது. இழந்த பாதியை ஈடுகட்ட இன்னும் 20 பஸ் அனுப்பினால் அவையும் அதே சாலையில்தான் போய் நிற்க வேண்டும். நெரிசல் இன்னும் கூடும், நடை இன்னும் குறையும். திருவிழா நாளில் பஸ்ஸைக் கூட்டுவதைவிட, இருக்கிற பஸ்ஸைச் சீக்கிரம் திருப்பி அனுப்புவதே பெரிய வேலை என்று சொல்வது இதனால்தான்.

வடலூரில் அந்தத் திருப்பம் ஏன் கடினம் என்பதற்கு ஊரின் அமைப்பே காரணம். கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாக மேற்கே போகும் சாலையும், சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகும் சாலையும் அங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. தைப்பூசத்தோடு சம்பந்தமில்லாத லாரியும், தஞ்சாவூர் போகிற குடும்பத்தின் காரும் அந்த நால்ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். விருத்தாசலம் பக்கமிருந்து வந்தால் அதற்கு முன்பே மந்தாரக்குப்பம், நெய்வேலி. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் நேரமும் ஜோதி கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தச் சாலை நகராது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலைத் திட்டத்திலும், பண்ருட்டி, வடலூர் வழியாக வருகிற விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்புப் பகுதிதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. போதாததற்கு 2021 முதல் தைப்பூசம் அரசு பொது விடுமுறை. முன்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களும் இப்போது குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

சாலை ஒரு பக்கம் இருக்கட்டும். பஸ் நிற்கும் இடத்தில் கரையும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சாதாரண நாளில் 60 பேர் ஏறுவதற்குச் சில நிமிடம் போதும். திருவிழாவில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போகும், பின்னாலேயே குழந்தையும் போகும். இறங்குகிறவர் படியில் கால் வைக்குமுன் ஏறுகிறவர் மேலே நிற்பார். ஒருவழியாக வண்டி கிளம்பினாலும் ஊர் எல்லை தாண்டியதும் ஓரங்கட்டிவிடுவார்கள், கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும். 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறவர்களுக்கு நடுவில் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். அதுவரை சாலையில் பாதியை அந்த பஸ் அடைத்துக்கொண்டு நிற்கும். பஸ் ஏறுமிடத்திலேயே, வரிசையில் நிற்கும்போதே, தனி ஆள் வைத்து டிக்கெட் கொடுத்துவிட்டால் இந்த நேரம் முழுவதும் மிச்சம். செலவென்று பார்த்தால் சில டிக்கெட் மெஷின்களும் கூடுதல் கண்டக்டர்களும்தான்.

இனி அந்த மூன்று பஸ் விஷயம். முன்னே போகும் பஸ் எதற்காகவோ ஐந்து நிமிடம் தாமதித்தது என்று வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றக் கூடுதல் நேரம். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிக ஆள். தாமதம் தாமதத்தையே குட்டி போடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளே இருக்காது, வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பஸ்களைச் சும்மா ஓடவிட்டால் அவை தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அதன் சாரம். டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒன்றாக வருகிறார்கள் என்ற நம் சந்தேகத்துக்கு வேலையில்லை. ஒட்டாமல் வைக்க யாராவது ஒருவர் நடுவழியில் பின் பஸ்ஸை நிறுத்தி, இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும். நம் பஸ் நிலையங்களில் டைம் கீப்பர் செய்வது அதைத்தான். ஆனால் திருவிழாவுக்காகப் போடும் தற்காலிக நிலையங்களில் பஸ் நிரம்பியதும் விசில் கொடுத்து அனுப்புவதே வழக்கம். காத்திருக்கும் கூட்டத்தின் எதிரில் பஸ்ஸை நிறுத்திவைக்கும் துணிச்சல் எந்த ஊழியருக்கும் வராது. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இத்தனைக்கும் வடலூருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. வள்ளலாரின் சத்திய ஞான சபையில் 1872 முதல் ஜோதி தரிசனம் நடக்கிறது. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகும் தரிசனம் ஒரு முறையோடு முடிவதில்லை. காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30 என்று ஆறு வேளை. ஆறு வேளை என்றால் கூட்டமும் ஆறாகப் பிரியும். திருவண்ணாமலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலையின் உச்சியில் மகா தீபம் ஏறுவது மாலை 6 மணிக்கு, ஒரே முறை. அந்த நிமிடத்துக்காக வந்தவர்களில் பெரும் பகுதி அடுத்த சில மணி நேரத்திலேயே பஸ் தேடிப் புறப்படும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைதான் அங்கே கொஞ்சம் காப்பாற்றுகிறது. நடப்பவர்கள் வெவ்வேறு வேகத்தில் நடப்பதால் வெவ்வேறு நேரத்தில் முடிக்கிறார்கள்.

ஒரே நேரத்தில் கிளம்பும் கூட்டத்தை அன்றாடம் சமாளிக்கும் இடம் ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது. 1971 அக்டோபர் 1-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்ட். சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள், ஏராளமான விடுதிகள், அவற்றை இணைக்கச் சொந்தமாக நூற்றுக்கணக்கான பஸ்கள். இரவு வாணவேடிக்கை முடிந்ததும் எல்லாரும் விடுதி திரும்ப ஒரே நேரத்தில் வரிசைக்கு வருவார்கள். பணத்துக்குக் குறைவில்லாத அந்த இடத்திலும் பஸ் வரவில்லை என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். மேஜிக் கிங்டம் என்ற பூங்காவுக்குச் சொந்தக் காரில் வருகிறவர், ஏரிக்கு அக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கு வர வேண்டும். விடுதிப் பஸ்ஸில் வருகிறவரோ வாசலுக்கு அருகிலேயே இறங்குகிறார். நம் ஊர்த் திருவிழாக்களில் பெரும்பாலும் தலைகீழ். பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்தி, வயதானவர்களைக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கவிட்டு, பாஸ் ஒட்டிய காரைக் கோயில் வாசல் வரை விடுகிறோம். 60 பேரை ஏற்றிய வண்டிக்குக் கிடைக்காத வழி, நான்கு பேர் உட்கார்ந்த வண்டிக்குக் கிடைக்கிறது. இதைத் திருத்தப் பெரிய பொறியியல் எதுவும் வேண்டாம், மனம்தான் வேண்டும்.

இன்னொரு வகைக் காத்திருப்பும் இருக்கிறது. அது செய்தியில் வருவதில்லை. சிறப்புப் பேருந்துகள் புதிதாக எங்கிருந்தும் முளைப்பதில்லை. பணிமனையில் இருக்கும் ஸ்பேர் வண்டிகள் கொஞ்சம்தான், மற்றவை வழக்கமான தடங்களிலிருந்து எடுக்கப்படுபவை. வடலூருக்குப் போகவே போகாத ஒருவர், அதாவது விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் கிராமத்துப் பெண், அன்று தன் ஊர் நிறுத்தத்தில் நிற்கிறார். பெண்களுக்கான விடியல் பயணத் திட்டத்தில் கட்டணமில்லாமல் போகும் நகரப் பேருந்துதான் அவருக்கு வழி. அந்தத் தடத்தில் ஒரு நடை ரத்தானால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய கூலி போச்சு. வடலூருக்கு எத்தனை பஸ் விட்டோம் என்று அறிவிக்கும்போது, எந்தத் தடத்தில் எத்தனை நடை ரத்து என்பதையும் முதல் நாளே சொல்லிவிடலாம்.

ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். விருத்தாசலம்–கடலூர் ரயில் பாதையில் வடலூருக்கு நிலையம் இருக்கிறது. ஆனால் அது ஒற்றை வழிப்பாதை, பயணிகள் ரயில்களும் குறைவு. ஆனாலும் ஒரு ரயில் பல பஸ்களின் ஆளை ஏற்றிக்கொண்டு நால்ரோட்டைத் தொடாமலே போய்விடும் என்பதால், தரிசன வேளைகளை ஒட்டிக் கூடுதல் ரயில் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

தைப்பூசம் முடிந்த அடுத்த மாதமே விருத்தாசலத்தின் முறை வந்துவிடும். மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலுக்கும் மணிமுத்தாற்றுக்கும் கூட்டம் கூடும்போது பாலக்கரையில் பஸ் திரும்ப இடமிருக்காது. வடலூரில் செய்யாததை இங்கே செய்து பார்க்கலாம். வெளியூர்ப் பஸ்களை ஊர் ஓரத்திலேயே திருப்பி அனுப்பி, அங்கிருந்து கோயிலுக்குச் சில டவுன் பஸ்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அந்த ஒரு பாதையில் அன்று காருக்குத் தடை போட்டால் போதும்.

அதுவரை வடலூர் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலை 6 மணி தரிசனம் பார்த்தவர் திரை மூடிய கையோடு பஸ்ஸுக்கு ஓடினால், 10 மணி தரிசனத்துக்கு வந்து இறங்கும் கூட்டத்தின் எதிரே போய் மாட்டிக்கொள்வார். தருமசாலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பெருவெளியில் கடைகளைச் சுற்றிவிட்டு, 10 மணித் திரை விலகிக்கொண்டிருக்கும்போது கிளம்புவது மேல். அந்த நேரத்தில் சபைக்கு முன்னால்தான் கூட்டம் இருக்கும். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பஸ்கள் விருத்தாசலம் சாலையில் நிற்கும்.