கொலர் தைப்பவளும் சட்டை தைப்பவளும்



இலண்டனில் ஒருவர் வாங்கும் மேற்சட்டையில் “இலங்கையில் செய்யப்பட்டது” என்ற சொற்கள் காணப்படலாம். அச்சொற்கள் பொய்யல்ல, ஆயினும் முழு விபரத்தையும் அவை கூறுவதில்லை. துணி சீனாவிலோ இந்தியாவிலோ நெய்யப்பட்டிருக்கலாம். பொத்தான் பிறிதொரு நாட்டிலிருந்து வந்திருக்கலாம். சட்டையின் அமைப்பை வகுத்தவர் மேல்நாட்டு வணிக நிறுவனத்தினராயிருக்கலாம். வெட்டுதலும் தைத்தலுமே நமது பங்கு. ஒரு பொருளின் ஆக்கத்தைப் பல நாடுகள் இவ்வாறு பகிர்ந்து செய்வதையே சர்வதேச உற்பத்தி வலையமைப்பு என்கிறோம்.

இவ்வலையமைப்பில் நாம் சேர்ந்தது எங்ஙனம்? 1977 இல் நமது பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. அந்நாளில், 1974 முதல் நடைமுறையிலிருந்த பல்நார் உடன்படிக்கையின்படி, செல்வந்த நாடுகள் தாம் இறக்குமதி செய்யும் ஆடைகளுக்கு நாடுவாரியாக அளவு வரையறுத்திருந்தன. தமக்குரிய அளவை எட்டிவிட்ட கிழக்காசிய உற்பத்தியாளர் வேறிடம் தேடினர். அவர்களுட் சிலர் இங்கு வந்தனர். எனவே, நமது உழைப்போடு, பிறருக்கு இடப்பட்ட வேலியும் நமக்கு வாயிலாயிற்று.

2005 ஜனவரி முதலாந் திகதி அவ்வேலி அகற்றப்பட்டது. ஆடைத்தொழில் அழிந்துவிடுமெனப் பலர் அஞ்சினர். சிறு தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. எனினும் தொழில் அழியவில்லை. மாஸ், பிராண்டிக்ஸ் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் தையலோடு நின்றுவிடாது, துணி ஆக்கம், வடிவமைப்பு ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற்றமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். கொள்வனவாளர் எளிதில் விட்டு நீங்க முடியாத திறமை அவற்றிடம் வளர்ந்திருந்தது.

துணியை நாமே ஆக்குவதற்கு வேறொரு பயனுமுண்டு. 2010 இல் நாம் இழந்து 2017 இல் மீளப்பெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை எடுத்துக்கொள்வோம். வேற்றுநாட்டுத் துணியை வாங்கித் தைத்தால் மட்டும் அச்சலுகை பொதுவாகக் கிட்டாது. துணி ஆக்கமும் தையலும் ஆகிய இரு படிகளும் இங்கு நடைபெறல் வேண்டும். அன்றேல், விதிகள் அனுமதிக்கும் அயல்நாட்டுத் துணியாயிருத்தல் வேண்டும். சலுகை கிடைத்தும் அதனை முற்றாகப் பயன்படுத்த இயலாமற் போவதன் காரணம் இதுவே.

என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி ஆடைத்தொழிற்சாலையில் பணிபுரிகின்றாள். விடுமுறையில் என்னைக் காணவந்தவளிடம் தொழிலைப் பற்றி வினவினேன். “எட்டு வருசமாக் கொலர்தான் பொருத்துறன், சேர். முழுச் சட்டை தைக்க எனக்குத் தெரியாது,” என்றாள். அவளது ஊதியத்தால் வீட்டிலே தம்பியர் இருவர் படிக்கின்றனர். அதனை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் கொலர் மட்டும் தைக்கத் தெரிந்தவரின் இடத்தைக் குறைந்த கூலிக்கு இன்னொருவர் நிரப்பிவிடலாம். நாடுகளின் நிலையும் அதுவே.

வலையமைப்பிற் சேர்வதற்கு வலயமும் வரிச்சலுகையும் உதவலாம். அதில் மேற்படிக்கு ஏறுவதற்கோ கல்வி வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் புடைவை, ஆடைப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அத்தகைய அறிவு, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் எட்டுவதற்கு நாம் வழிசெய்தல் வேண்டும். அடுத்த முறை அவள் வரும்போது, முழுச் சட்டையையும் கற்றுக்கொண்டேன் என்று கூறுவாளாயின் அதனினும் மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.