கடல் கடந்த முரசு

சங்கரன்கோவிலுக்கு அருகேயுள்ள கடையநல்லூரை நீங்கள் அறிவீர்கள். நான் ஆசிரியனாயிருந்த நாளில் அவ்வூர்ப் பிள்ளைகளிடம் தந்தையின் தொழிலைக் கேட்டால், பலர் "சிங்கப்பூரில் இருக்கிறார்" என்றே விடை கூறுவர். தொழில் இன்னதென்று அவர்களுக்கே தெரியாது; ஊர்ப்பெயரே தொழிலாகிவிட்டது! அங்ஙனம் கடல் கடந்தவர்களுக்குச் செய்தித்தாள் ஒன்றை நடத்தி, அதனாலேயே அவர்கள் வாழ்வைத் திருப்பிவிட்ட ஒருவரைப்பற்றி இன்று சொல்ல விழைகின்றேன். அவர் பெயர் கோ. சாரங்கபாணி.

1903-ல் திருவாரூரில் பிறந்த அவர், 1924-ல் சிங்கப்பூர் சென்றார். கணக்கெழுதுவதே முதலில் கிடைத்த வேலை. பெரியாரின் சீர்திருத்தக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டு, 'முன்னேற்றம்' என்னும் இதழில் ஆசிரியப் பணி பழகினார். 1935-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 'தமிழ் முரசு' வார இதழாகத் தோன்றியது. விலை ஒரு காசு. பின்னர் அதன் பொறுப்பைச் சாரங்கபாணி தாமே ஏற்றார். சில ஆண்டுகளில் அது நாளிதழாயிற்று.

பத்திரிகை நடத்துவது எளிதன்று என்பதை இங்கே விளக்க வேண்டும். நாளிதழின் செலவை அதன் விற்பனை மட்டும் ஈடுசெய்வதில்லை, விளம்பரமும் வேண்டும். விளம்பரம் தருவோர், வாங்கும் சக்தியுள்ள வாசகரை நாடுவர். அக்காலச் சிங்கப்பூர்த் தமிழருள் பெரும்பாலோர் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த கூலியாட்கள். ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்பது அன்றைய வழக்கம். கேட்பவர் பெருகலாம், காசு பெருகாது. அச்சுக்கோப்போர் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டிய காலம் வேறு. ஜப்பானியர் ஆட்சியில் இதழ் நின்றது. போர் முடிந்தபின் மீண்டும் எழுந்தது.

மற்றொரு சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே வாழ்ந்த தமிழரின் உள்ளம் ஊரிலேயே இருந்தது. பணம் சேர்ப்பது, அனுப்புவது, முதுமையில் திரும்புவது என்பதே அவர்கள் எண்ணம். 1957-ல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. நெடுநாள் குடியிருந்தோர் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் பிறநாட்டுப் பற்றைத் துறப்பதாக உறுதிமொழி கூற வேண்டும். தாய் தந்தையும் காணி நிலமும் இக்கரையில் இருக்க, எவர் அதைத் துணிந்து சொல்வார்? தயங்கியவர்களை நான் குறைகூற மாட்டேன். சாரங்கபாணியோ, பதியாது நின்றால் நாளை உரிமையற்ற அந்நியராவோம் என்று தம் இதழில் இடைவிடாது எழுதினார். எழுதியதோடு நில்லாமல், நேரிலும் சென்று பதிவு செய்யத் தூண்டினார். அவருடைய மனைவியார் சீன இனத்தவர். ஆதலால் அம்மண்ணில் வேரூன்றுதல் அவருக்கு வெறும் தலையங்கப் பேச்சன்று.

வேரூன்றச் சொன்னவர் மொழியை விடச் சொல்லவில்லை. 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். மாணவர் எழுதுவதற்கென்றே 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியை இதழில் அமைத்தார். உங்கள் வயதினர் பலர் அதில் எழுதிப் பழகிப் பின்னாளில் எழுத்தாளராயினர். (அவருடைய பணிகளுள் எனக்கு மிகவும் உவப்பானது இதுவே.) சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கப்படவிருந்தபோது, அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். 1956-ல் அத்துறை தொடங்கிற்று.

அவர் வாழ்வில் தோல்வியும் உண்டு. போருக்குப்பின் ஆங்கிலத்திலும் 'இந்தியன் டெய்லி மெயில்' என்னும் நாளிதழை நடத்தினார், அது நிலைக்கவில்லை. உழைப்பாளருக்காகக் குரல்கொடுத்த 'தமிழ் முரசு' அலுவலகத்திலேயே 1963-ல் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டு, இதழ் நெடுநாள் நின்றுபோயிற்று. அதற்கிடையே 1964-ல் 'தமிழ் மலர்' என்னும் போட்டி நாளிதழ் தோன்றிவிட்டது. ஆயினும் 'முரசு' திரும்பி வந்தது.

சாரங்கபாணி 1974 மார்ச் 16-ல் காலமானார். ஒரு காசுக்கு விற்ற அவ்விதழ் வேறு நிர்வாகத்தின்கீழ் இன்றும் சிங்கப்பூரில் வெளிவருகின்றது. அதனை வாசிப்போருள், அன்று தயங்கித் தயங்கிப் பதிவு செய்துகொண்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர்.